பிரகாசியின் கைகள்

இரண்டு மாதம் முன்பு நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பக்கத்து வீட்டுப் பிரகாசி ஆசையாகக் கொண்டு வந்து தந்த அச்சுமுறுக்கை, கதவைச் சாத்திக்கொண்டு, கொல்லையில் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன்.

காரணம் – அவள் கைகள்.

பிரகாசி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவர். எங்கள் தீவின் ஜங்லிகாட் கரையில் உப்புத்தண்ணீரில் ஊறிய வலைகளை அலசுவதும் கிழிசல் தைப்பதும் இவள் வேலை. மழை பிடித்ததும் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. தோல் தடித்து, அங்கங்கே வெளிறி... பார்க்கவே சங்கடம்.

குழாயடியில் யாரோ ‘அந்த வியாதி’ என்றார்கள். குஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. மறுநாளிலிருந்து அவள் குடத்துக்குக் கடைசி இடம். மனிதன் சந்திரனில் இறங்கினான் என்று ரேடியோவில் கேட்டுக் கைதட்டியவர்கள்தான் நாங்கள் எல்லோரும்!

ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“யக்கா, அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்குப் போயிருதேன். பிள்ளைக அவுககிட்ட இருக்கட்டும். நான் இருந்தா அதுகளுக்கும் ஒட்டிக்கிரும்லா?”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“பயமா இருக்குக்கா. ஆமான்னு சொல்லிட்டா?”

கோழிகளுக்குப் போட்ட முறுக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் ஒரு வங்காளி அம்மாள். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை நரம்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பஞ்சைத் திரித்து எடுத்துக்கொண்டார்.

“ஆங்க் பந்த் கரோ.”

“கண்ண மூடிக்கோ. பஞ்சு படுற இடத்தத் தொட்டுக் காட்டு,” என்றேன் நான்.

மூடினாள். உதடுகள் மட்டும் ஜெபத்தில் அசைந்தன. வெளிறிய இடத்தில் பஞ்சு பட்டது. அந்த வியாதியென்றால் அங்கே தொட்டால் தெரியாதாம்...

“இங்கன.”

சரியாக அதே இடம்! அடுத்தது. “இங்கன.” எட்டு இடம் தொட்டார். எட்டும் சரி.

டாக்டர் சிரித்துவிட்டார். குஷ்டம் இல்லை. உப்பும் ஈரமும் தின்ற தோல். “அதுவாகவே இருந்தாலும் மாத்திரை இருக்கிறதே, ஊரைவிட்டு ஏன் ஓட வேண்டும்?” என்று இந்தியில் கேட்டார் – பிரகாசியை அல்ல, என்னை.

இரண்டு வாரம் வலையைத் தொடக் கூடாது. அதன் பிறகு, தண்ணீரில் கை வைப்பதற்கு முன்பே துத்தநாகக் களிம்பைப் பூசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் வைத்தியம். வெடித்த பிறகு மருந்து தேடுகிறோமே தவிர, வெடிக்காமல் காக்க யாருக்குத் தோன்றுகிறது?

திரும்பி வரும் வழியில் முறுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நடந்துகொண்டே கேட்டாள்.

“கோழியாவது நல்லாத் தின்னுச்சாக்கா?”

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கப்பல் அவள் இல்லாமலே போயிற்று. தோல் மூடி, விரல்கள் மடங்க ஆரம்பித்தன. இப்போது வலைக்கரையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள், மணிக்கட்டு வரை வெள்ளையாகப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போன படகுத்துறை குமாஸ்தா ஒருவர், “க்யா, நாடகத்துக்கு மேக்கப்பா?” என்று சீண்டினார்.

பிரகாசி வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மூஞ்சிக்குப் பவுடர் அப்புனா ஒருத்தரும் கேக்க மாட்டிய. உழைக்குத கைக்குப் பூசுனா மட்டும் கேப்பியளோ?”