கவ்ஸர் கூரையை மட்டும் பார்த்தாள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கவ்ஸர் காலைப் பார்க்கவே இல்லை. கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துவிட்டு வீட்டை வாங்கினாள். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அலெக்ஸாந்திரியாவில், டிராம் தடத்துக்குப் பின்னாலிருக்கும் தெருவொன்றில், ஐந்து மாடி ஏறிப் போகும் மொட்டைமாடி அறையில் வாடகைக்கு வாழ்ந்தவள் அவள். சலவைக்கடையில் துணி தேய்க்கிற வேலை. எங்கள் ஊரில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. முதலில் மக்னஸா வருவாள், துடைப்பக்காரி. அவள் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனதும் காஸிம் வருவான். ஒவ்வொரு புயலுக்கும் கூரை ஒழுகும், கவ்ஸர் பாத்திரங்களைப் பரப்பி வைப்பாள். "கீழ இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விடுவாள். அவளுடைய உலகத்தில் தண்ணீர் மேலிருந்துதான் வரும்.

அவள் கணவர் மஹ்ரூஸ் டிராம் ஓட்டியவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. காப்பிக்கடை நண்பர்கள் கொஞ்ச நாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்கள், பிறகு வருவதை விட்டுவிட்டார்கள். டொமினோ ஆடாத மஹ்ரூஸ் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார், பேச்சும் குறைந்தது. இவரை எப்படியாவது தெருவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறி. கல்யாண வளையல்களை விற்றாள், அவருடைய ஓய்வுப் பணத்தையும் சேர்த்தாள். அதற்குக் கிடைத்தது ஒரு நிலவறை வீடு.

பார்க்கப் போனது ஆகஸ்ட் மாதம். வெளிர் பச்சையில் புதுச் சுண்ணாம்பு, வாசலிலேயே சாம்பிராணி மணம். தரகுக்கு நின்ற வாயிற்காவலர் பகீத் கூடவே வந்தார். கவ்ஸர் அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை.

"பிளக்கெல்லாம் ஏன் தோள் ஒசரத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"குழந்தைங்க கை வைக்காம இருக்கத்தாம்மா."

"குளியலறை வாசப்படி இவ்வளவு மேடா இருக்கே? கட்டிலுக்கு எதுக்குச் செங்கல்?"

"அந்தக் காலத்துக் கட்டடம்மா. செங்கல் வச்சா அடியில பெட்டிய தள்ளிக்கலாம்ல?"

வீடு தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. இவள்தான் கூரையோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டுமென்று முதல் மாடி ஹாஜியா ராவியாவிடம் விசாரித்தாள். ராவியா தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். "பரக்கத்தான இடம்மா, அருள் நெறஞ்ச வீடு" என்றார். சொல்லும்போது அவர் கண் கோப்பையில் இருந்தது, கரண்டி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தது.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒரு பக்கம் கவ்ஸர், மறுபக்கம் பகீத், சில படிகள், அவ்வளவுதான், மஹ்ரூஸ் காப்பிக்கடையில் இருந்தார். இடது கையால் டொமினோ ஆடி ஜெயித்தார். வீட்டிலிருக்கும்போது ஜன்னலில் தெரியும் கால்களை வைத்தே ஆளைச் சொன்னார்.

"வக்கீல் போறான் பாரு," என்றார் ஒருநாள் குழறலோடு. "சாக்ஸ்ல ஓட்டை. இவனா கோர்ட்டுல கேஸ ஜெயிப்பான்?"

கவ்ஸர் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கிண்டல் பேசி எத்தனை காலமாயிற்று!

பிறகு மக்னஸா வந்தாள். காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது. கவ்ஸர் கூரையைப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. "பாத்தீங்களா!" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள். அப்போது குளியலறை சாக்கடைத் துளை கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. தெருச் சாக்கடையெல்லாம் அந்தத் துளை வழியாக மேலே வந்தது, வாசப்படியைத் தாண்டியது, கட்டில் செங்கல்லை மூடியது. பகீத் வந்து மஹ்ரூஸை முதுகில் சுமந்து ராவியாவின் வீட்டுக்குத் தூக்கிப் போனார். கவ்ஸர் நனைந்த பாவாடையோடு ராவியாவின் முன்னால் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே ஹாஜியா?"

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வித்தவனுக்குக் கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணுங்க இருந்துச்சு. ஒருத்தன் பொழப்ப வெட்டுறது கழுத்த வெட்டுறதுக்குச் சமம்னு உனக்குத் தெரியாதா? நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப என் கழுத்து?"

ராவியா உலர்ந்த மெத்தையை எடுத்துப் போட்டார், சூப் வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷிதான். அதுதான் கவ்ஸருக்கு இன்னும் எரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, தண்ணீர் ஏறும்போதெல்லாம், அந்த வாயை அவள் சபித்தாள்.

ஈரம் மஹ்ரூஸின் நெஞ்சில் இறங்கியது. இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய மொட்டைமாடி அறை காலியாகத்தான் இருந்தது, வீட்டுக்காரர் அதில் கோழி வளர்த்தார். "மேலயே போயிடலாம்" என்று மஹ்ரூஸே சொன்னார். ஏறினால் அப்புறம் இறங்கப்போவது நாலு பேர் தோளில் ஜனாஸாவாகத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

கோடையில், வீட்டை விற்பதற்காகக் கவ்ஸர் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தாள், சாம்பிராணி போட்டாள். நிச்சயமான பெண் ஒருத்தி தன் தாயோடு வீடு பார்க்க வந்தாள். அவள் கை பிளக்கில் போய் நின்றது.

"ஏன் மாமி, இவ்வளவு ஒசரத்துல?"

கவ்ஸரின் நாக்கு தானாகவே பேசிற்று. "குழந்தைங்க கை வைக்காம இருக்கத்தாம்மா."

பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை, கெட்டிக்காரி. "மேல ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வரேன்" என்று படியேறினாள்.

கவ்ஸர் ஜன்னலடியில் போய் நின்றாள். மேலே கோப்பையில் கரண்டி சுற்றும் ஓசை கேட்டது. குளிர்காலமெல்லாம் எந்த வாயைச் சபித்தாளோ, அதே வாய் திறக்கக் கூடாதென்று இப்போது இறைவனிடம் மன்றாடினாள்.

"பரக்கத்தான இடம்மா" என்றது ராவியாவின் குரல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கவ்ஸரின் வாயிலிருந்து வந்துவிட்டது. கட்டிலில் இருந்த மஹ்ரூஸுக்கும் அது கேட்டது. அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.