குடைத்துணிப் பாவாடையும் இருட்டுச் சேச்சிமாரும்

ஈரக் குடைத்துணி அடுப்புப் பக்கத்தில் காயும்போது ஒரு வாசனை வரும்... பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அந்த வாசனையோடு கிறிஸ்துமஸும் சேர்ந்து ஞாபகம் வரும். காரணம், நாங்கள் பைத்தியமாகப் பார்த்த ஒரு ஜப்பான் கார்ட்டூன்.

அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ‘அஞ்சு அக்கா’ என்றுதான் சொல்வோம். ஸ்கூல் விட்டு ஓடி வந்தால், டிவியில் ஐந்து பெண்கள் மந்திரக் குச்சியைச் சுழற்றுவார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம்... யூனிஃபார்ம் மறைந்து, ஓரமெல்லாம் கூர்கூராக இருக்கும் குட்டைப் பாவாடை வந்துவிடும். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போவார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது பிளாக் அண்ட் ஒயிட் டிவி. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கூடும். அதனால் அந்தக் கார்ட்டூன் விஷயத்தில் நான் வைத்ததுதான் சட்டம்.

உண்மையில் எனக்கே யார் எந்த அக்கா என்று தெரியாது! ஐந்து பேருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு, ஒரே தாடை. வரைந்த புண்ணியவான் ஒரு முகத்தோடு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். “இவதான மூத்தவ?” என்று பக்கத்து வீட்டு முத்துலட்சுமி கேட்பாள். நானும் ஆமாம் என்று அடித்துவிடுவேன்.

அந்த வருஷம் சர்ச் கிறிஸ்துமஸ் புரோகிராமில் நாங்கள் ஐந்து பேர் ‘அஞ்சு அக்கா’வாக ஆடுவதென்று முடிவானது. முத்துலட்சுமி வீட்டார் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் புரோகிராம் முடிந்ததும் கேக் உண்டு என்பதால் அவள் பக்கத்திலிருந்து ஆட்சேபணை இல்லை.

டிரஸ்ஸுக்கு எங்கே போவது? அப்போதுதான் கதவுக்குப் பின்னால் கம்பி முறிந்து தொங்கிய அம்மாவின் குடை கண்ணில் பட்டது. கம்பியை உருவிவிட்டு, நடுவில் இடுப்பளவுக்கு வெட்டினால்... ஓரமெல்லாம் கூர்கூராக, அச்சு அசல் அதே பாவாடை! எங்கள் ஊர்க் காற்றுக்கு முறிந்த குடை இல்லாத வீடு கிடையாது.

“ரிப்பேருக்குக் குடுக்கணும்னு வச்சிருக்கேன் புள்ள. மழையில மலைக்கு வேலைக்குப் போறப்ப தலையில எதப் போட்டுட்டுப் போவேன்?” என்றாள் அம்மா. பிறகு டிவிக்கு முன்னால் வந்து நின்று உற்றுப் பார்த்தாள். “கறுப்பாத்தான் போட்டிருக்காளுவ. சரி, எடுத்துக்க.”

மற்ற நான்கு வீட்டுக் குடைகளையும் நான்தான் பேசிப் பேசி வாங்கினேன். அம்மா கையாலேயே எல்லாவற்றையும் தைத்தாள்.

புரோகிராம் அன்று சாயங்காலம், சர்ச்சுக்குப் போகிற வழியில், கடை வாசலில் புதிதாக ஸ்டிக்கர் தொங்கியது. அதில் அஞ்சு அக்கா... கலரில்! ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. கறுப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

முத்துலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏ புள்ள... கறுப்புன்னு நீதான சொன்ன?”

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வீட்டில் கலர் டிவி உண்டு. அவர்கள் எல்லோரும் முன்பெஞ்சில்தான் உட்காருவார்கள். அம்மா குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து போனது, நான் ஊரே சிரிக்க நிற்பதற்குத்தானா? காய்ச்சல் வந்துவிடாதா என்று நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன உடம்பு அன்றைக்கென்று நன்றாக இருந்தது.

திரை விலகியது. எதிர்பார்த்தபடியே முன்பெஞ்சில் கெக்கெக்கே என்று சிரிப்பு. “ஐயே, காக்கா கூட்டம்!” என்றான் ஒருவன். இன்னும் கொஞ்சம் போனால் அழுதிருப்பேன்.

அப்போது ஃபேக்டரி கிளார்க்கின் மகள் ஆஷா பெஞ்சுமேல் ஏறி நின்றாள். எங்கள் ஸ்கூல்தான், பெரிய பழக்கமில்லை. வீட்டில் மலையாளம், அக்கா என்றால் சேச்சி; வெளியே எங்களைவிட நன்றாகத் தமிழ்.

“மிண்டாம, சத்தம் போடாம இருங்கடா! அது இருட்டுச் சேச்சிமாரு. கடைசி எபிசோட்ல வருவாங்க. அஞ்சு அக்காவ விட பவர் ஜாஸ்தி. உங்களுக்கு ஒண்ணும் தெரியல!”

சிரிப்பு சட்டென்று நின்றது. கடைசி எபிசோட் அதுவரை எந்த டிவியிலும் வந்திருக்கவில்லை; கலர் டிவி வீட்டுக்காரியே சொன்னால் அப்பீல் ஏது? “அடிபொளி!” என்று யாரோ கத்த, கைதட்டல் கிளம்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு நாங்கள் ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகையே அதிர்ந்தது. காக்கா கூட்டம் என்றவனே முடிந்ததும் வந்து பாவாடையைத் தொட்டுப் பார்த்தான்.

இப்போது கோவையில் இருக்கிறேன். போன மாதம் அந்தக் கார்ட்டூன், நாங்கள் பார்க்காமலே போன கடைசி எபிசோடும் சேர்த்து, போனில் அகப்பட்டது. முதல்முறையாகக் கலரில் பார்த்தேன், மகள் ஜெனியோடு. மாடிப்படி ஏறும்போது குட்டை முடியாக இருந்த பச்சை அக்கா, இறங்கும்போது நீள முடியோடு வருகிறாள். ஒரு கையில் நாலே விரல். “எல்லாருக்கும் ஒரே மூஞ்சிம்மா” என்று ஜெனி முகம் சுளித்தாள்.

“இருடி, கடைசியில கறுப்பு அக்காங்க வருவாங்க. அவங்கதான் சூப்பர்” என்றேன்.

கடைசி எபிசோடும் முடிந்தது. வரவில்லை.

அன்றோடு தோழியாகிவிட்ட ஆஷா இப்போது தொடுபுழாவில் டீச்சர். இருட்டுச் சேச்சிமார் எந்த எபிசோடில் என்று போனில் கேட்டேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, முதலில் நெடுநேரம் சிரிப்பு.

“அப்படி ஒரு எபிசோடே இல்லடீ! நீ அழப் போற மாதிரி நின்ன. வாயில வந்தத சொன்னேன். ஒரே மூஞ்சிய வச்சு கலர் மாத்தி மாத்தி அஞ்சு பேர உண்டாக்குனானே... கறுப்புல இன்னொரு அஞ்சு பேர் வந்தா யாரு கேக்கப் போறா?”

அந்த மெசேஜை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். இத்தனை வருஷம், அதிர்ஷ்டம்தான் காப்பாற்றியது என்று நினைத்திருந்தேன். காப்பாற்றியது ஆஷா என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. இன்றைக்கு யாராவது ஒருவர் போனில் தேடிப் பார்த்தால் போதும், அந்தப் பொய் ஒரு நிமிஷம் தாங்காது.

“கறுப்பு அக்காங்க வரவே இல்லையேம்மா?” என்றாள் ஜெனி.

“வந்தாங்கடி... ஒரே ஒரு தடவ. எங்க பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு வந்தாங்க.”