புளியமரத்தடியில் தம் போட்ட நாள்

என் அக்கா, ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும், இத்தனை நாள் அறைக்குள் அடைந்து கிடந்தவளைக் காற்றாட எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்றார் எங்களைப் பெற்ற அத்தா. எங்காவது என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குச் செண்பகத்தோப்புதான். சட்டி, அரிசி, கறி, விறகோடு வேனில் கிளம்பினோம். மலை அணில்களுக்கான சரணாலயம் என்று அங்கே பலகை வைத்திருந்த புதிது. பலகையைப் படித்துவிட்டு, அதைத் தாண்டிப் போய், நல்ல நிழலாகப் பார்த்து அடுப்புக் கூட்டினோம்.

பெரிய புளியமரம். தாழ்ந்த கிளையில் ராத்தா சேலைத் தொட்டில் கட்டினாள். சற்றுத் தள்ளி அத்தா பிரியாணியில் இறங்கினார். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத ஜவுளிக்கடைக்காரர், காட்டுக்கு வந்தால் மட்டும் கரண்டியை யாரிடமும் தர மாட்டார். மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே தணலை அள்ளிப் போட்டுத் தம்மில் வைத்தார்.

தொட்டிலருகே படுத்திருந்த ராத்தாதான் மேலே பார்த்தாள். உச்சிக் கவட்டில் இலையும் குச்சியுமாக ஒரு கூடு. பக்கத்து மரத்தில், பூனை அளவுக்கு ஒரு சாம்பல் அணில், முன்னே வருவதும் புகையைக் கண்டு பின்வாங்குவதுமாக இருந்தது.

"அத்தா, கூட்டுல அதோட குட்டி கெடக்கும்போல. நம்ம இருக்கதால வரமாட்டேங்குது."

"தம்ல இருக்க சட்டிய அசைக்கக் கூடாதும்மா. செத்த நேரம் பொறுத்துக்கோ."

"எம்புள்ளைக்குப் பசிச்சா செத்த நேரம் பொறுக்குமா?"

ராத்தா தொட்டிலை அவிழ்த்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வயிறு காய்ந்தது.

அத்தா சட்டியைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு தன் தம்பியை, எங்கள் சின்னத்தாவைக் கூப்பிட்டார். "ஏலே, சாக்க நனைச்சுக் கொண்டா." தம் முடியும் முன்பே அவர் சட்டியைத் தூக்கியதை அன்றுதான் பார்த்தேன். ஓடை மணலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நெருப்பை அணைக்கிறேன் என்று சின்னத்தா ஒரு குடம் தண்ணீரைக் கொட்ட, அதுவரை இல்லாத புகை குப்பென்று கூட்டைச் சூழ்ந்தது. ராத்தா வாயில் கை வைத்தாள்.

புகை அடங்கியதும் அணில் ஒரே தாவில் வந்து கூட்டுக்குள் நுழைந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அத்தா மூடியைத் திறந்தார். சோறு அரை வேக்காடு. ஆனாலும் ராத்தாவின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

ஒரு வாய் எடுத்திருப்பாள். அணில் வெளியே வந்தது. வாயில் குட்டி சுருண்டு தொங்கியது. புளியமரத்திலிருந்து அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று மலைப்பக்கமாகப் போய் மறைந்தது. வெகுநேரம் பார்த்திருந்தோம், திரும்பி வரவில்லை.

"நம்ம தள்ளி வந்துட்டோம்ல, பொறவு ஏன் போகுது?" என்றார் அத்தா, குழந்தை மாதிரி.

"அதுக்கு நம்மள யாருன்னு எப்பிடித் தெரியும் அத்தா?" என்றாள் ராத்தா.

தட்டை மணலில் வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். கிளம்பும்வரை கீழே விடவில்லை.