நாலு இடத்தில் ஓடும் கப்பல்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டு, அதன் கூரைமேல் குந்தி உட்கார்ந்து, இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் கைபேசியை நீட்டிக்கொண்டிருக்கிறார் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கீழே தொங்கும் பலகை ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்கிறது. பழுது பார்த்து முடிந்து கால் மணி நேரம் ஆகிறது. இப்போது அவர் பிடித்துக்கொண்டிருப்பது கப்பலின் மூச்சு. கூரையில் இருக்கிற பொத்தானை லேசாக அழுத்தினால் பெட்டி ஒரு சாண் ஏறும், கயிறு முனகும். அந்த முனகல்தான் வேண்டும். மேலிருந்து யாராவது கதவைத் தட்டினால், “ஒரு நிமிஷங்க, கப்பல் கூப்பிடுது” என்பார். தட்டியவர் அதையும் ஏதோ தொழில் பேச்சு என்று நினைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விடுவார்.

கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கப்பல்காரர். கடலை அவர் கிட்டத்தில் பார்த்தது இரண்டே தடவை. பத்தொன்பது கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் ஒரு திருப்புளி, இரண்டு கைபேசிகள். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கப்பலுக்கு. கம்பெனி போன் அடித்தால் கப்பல் போனை எடுப்பார். கப்பல் போனில் அவர் கதையைக் கேட்பவர் யாராவது எழுதியிருந்தால், லிஃப்டில் சிக்கியவரை மறந்துவிட்டுப் பதில் எழுதுவார். நின்றுகொண்டேதான் சாப்பாடு. ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதைத் தேடுவதற்குள் ஒரு யோசனை வந்து, ஒற்றைச் செருப்போடு வீட்டை மூன்று சுற்றுச் சுற்றுவார். சுடுமணலில் நிற்க வைத்த மாதிரி ஓர் உடம்பு.

“வீட்டுல குழாய் சொட்டுது. இவர் ஆகாசத்துல தண்ணி பிடிக்கிறார்” என்பாள் மனைவி. பாத்திரம் வைத்துச் சொட்டைப் பிடிக்கிறவள் அவள்தானே, சொல்ல உரிமை உண்டு.

ஆகாசத்துத் தண்ணீர் என்பது இதுதான். அறுநூறு பேரை உறங்க வைத்துக்கொண்டு ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது. விழித்திருப்பவர்கள் நாலே பேர்: கேப்டன், டாக்டர், மெக்கானிக், தண்ணீர் அளந்து கொடுக்கிற தண்ணிக்காரி. கதை மொத்தமும் கப்பல்காரரின் கற்பனை. ஆனால் அதை அவர் ஒரே இடத்தில் சொல்வதில்லை. டாக்டரின் நாட்குறிப்பு இணையத்தில் ஒரு பக்கத்தில் எழுத்தாக வரும். மெக்கானிக் இன்னொரு பக்கத்தில் படங்கள் போடுவார்; அத்தனையும் லிஃப்டுக் குழியில் எடுத்த கிரீஸ் சக்கரங்கள், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் கேப்டன் இருமிக்கொண்டே அன்றைய உத்தரவைச் சொல்வார். தண்ணிக்காரி தினமும் மாலை ஆறு மணிக்குக் குரல்செய்தியில் வருவாள்: “இன்னைக்குத் தண்ணி மட்டம் நாப்பத்தொண்ணு. போதும். எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க.” ஓரிடத்தை மட்டும் பார்க்கிறவருக்குக் கால் கதைதான் கிடைக்கும்.

எதற்கு இந்த அலைக்கழிப்பு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். “கதைய ஒரே எடத்துல வெச்சா பொணம் மாதிரி கெடக்கும். நாலு எடத்துல வெச்சா நடமாடும்.” இதைச் சொல்லும்போதும் அவர் நடமாடிக்கொண்டுதான் இருப்பார்.

நாலில் எல்லோருக்கும் பிடித்தது தண்ணிக்காரிதான். தொள்ளாயிரம் பேர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், வாசலில் நிற்கிற காவலாளிகள், வண்டி ஓட்டுகிறவர்கள். அந்தக் குரல் அவருடைய அண்ணியின் குரல். அண்ணன் லாரியோடு வாரத்தில் நாலு நாள் வெளியே. அண்ணி பதினாலு வருடமாக ஒரு சலவைக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். துணியிலிருந்து பொத்தான் ஒன்று உதிர்ந்தாலும் காகிதத்தில் மடித்து, உரியவர் சட்டையில் குத்திக் கொடுப்பார். பையில் கிடந்த மோதிரத்துக்காக இரண்டு தெரு நடந்தவர். போனில் பேசுவார், கேட்பார். மற்றபடி அதைத் தடவிக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. கொழுந்தன் காலையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை, மதியம் பக்கத்துக் கட்டடத்து லிஃப்டுக்குள் நின்று பேசிவிட்டுத் திரும்பி வருவார். அறுநூறு உயிர் தன் அளவையில் இருக்கிறது என்கிற நினைப்பு அவருக்கு உண்டு. சிரிக்காதீர்கள், நினைப்பில்லாமல் அப்படி ஒரு குரல் வராது.

கப்பல்காரர் முதல் நாளே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கேப்டனுக்கு இருமல், மெக்கானிக்குக் கை நடுக்கம், டாக்டருக்கு நாக்கு வறட்சி. தண்ணிக்காரியின் குரல் மட்டும் நாலு மாதமாக வறளவே இல்லை. ஒரு புதன்கிழமை டாக்டரின் நாட்குறிப்பில் முடிச்சு அவிழ்ந்தது: தொட்டியில் இருப்பது முப்பத்து மூன்று, இவள் சொல்வது நாற்பத்தொன்று, மற்றவர்கள் பங்கை இவள் குடிக்கிறாள். நாலு இடத்தையும் பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். கப்பல்காரர் அன்றைக்கு மூன்று கட்டடங்களில் படியேறியே போனார், லிஃப்டில் நிற்கப் பொறுக்கவில்லை.

அண்ணியிடம் மட்டும் இதை அவர் சொல்லவில்லை. மறந்து போய் அல்ல, வேண்டுமென்றேதான்.

வியாழக்கிழமை காலை, சீருடைகளைப் போட வந்த நர்ஸ் ஒருத்தி மேசைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “அக்கா, அந்தத் தண்ணித் திருடி நீங்கதானே? குரல வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்.”

“யாரு திருடி?”

“டாக்டர் நோட்டுல எல்லாம் வந்திருச்சே. உங்களுக்குத் தெரியாதா?”

அண்ணி சீருடைகளை எண்ணி, சீட்டுப் போட்டு, நர்ஸை அனுப்பிவிட்டுக் கொழுந்தனை அழைத்தார். கம்பெனி போனுக்குத்தான் அழைத்தார். “தம்பி, இனிமே என்னைக் கூப்பிடாத.”

“அண்ணி, தெரிஞ்சிருந்தா குரல் குனிஞ்சிடும். அதனாலதான்...”

“ஊருக்கெல்லாம் தெரியுது நான் திருடின்னு. எனக்கு மட்டும் தெரியல. இதுக்குப் பேரு கதையா?” வைத்துவிட்டார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடைசிச் செய்தி. தண்ணிக்காரி வாய் திறந்து பதில் சொல்லும் நாள். நாலு இடத்திலும் அறிவித்தாகிவிட்டது. அவள் வராவிட்டால் நாலு மாதக் கப்பல் நடுவானில் அப்படியே நின்றுவிடும். அதைவிட, அண்ணி வீட்டு வாசலை இனி எந்த முகத்தோடு மிதிப்பது?

வெள்ளிக்கிழமை மனைவியைப் பேச வைத்துப் பார்த்தார். கரண்டு பில் படிக்கிற மாதிரி இருந்தது. “நான் பிறந்த குரல்ல பேசுறேன், புடிக்கலன்னா விடுங்க” என்று அவள் எழுந்து போய்விட்டாள். கணினி செய்கிற குரல் ஒன்றையும் முயன்றார். அது அழுதாலும் வண்டிக்கு வழி சொல்லுகிற மாதிரியே அழுதது. அடுத்ததாக அவர் செய்த காரியம்தான் பெரிய பிசகு. இரண்டு தாளில் புதிதாக ஒரு முடிவை எழுதினார்: டாக்டர் பார்த்தது தப்பு, தொட்டியில் ஓட்டை, தண்ணிக்காரி ஒரு பாவமும் அறியாதவள். முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி எழுதினார். அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சலவைக் கடைக்குப் போனார்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. “முதல்லேருந்து படி.”

“எத அண்ணி?”

“நாலு எடத்துல என்னென்ன வெச்சியோ, எல்லாத்தையும்.”

படித்தார். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உலாத்திக்கொண்டே படித்தார்.

“நின்னு படி. உன்கூடச் சேர்ந்து எனக்கும் தலை சுத்துது.”

நின்றார். படங்களைக் காட்டினார். கேப்டனின் இருமலைக் கேட்க வைத்தார். துணி வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் போகாமல் நின்று கேட்டார்கள். கம்பெனி போன் ஐந்து தடவை அடித்தது. டாக்டரின் நாட்குறிப்பு முடிகிற இடத்தில் அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“இந்த டாக்டர் ஆளு சரியில்ல. நாலு மாசமாப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம நோட்டுல எழுதியிருக்கான்.”

“அவன் அப்படித்தான் அண்ணி.”

“அவன் அப்படி இல்ல. நீ அப்படி.”

கப்பல்காரர் அவசரமாக இரண்டு தாளையும் நீட்டினார். “அதான் மாத்திட்டேன். தொட்டியில ஓட்டை. நீங்க நல்லவங்கதான்னு முடியுது.”

அண்ணி அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார்.

“பூசி மெழுகாத தம்பி. அவ குடிச்சிருக்கா.”

“நீங்கதானே கோவிச்சீங்க?”

“நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணுன்னு பதினேழு நாள் சொல்ல வெச்சே. குடிக்கக் குடிக்கத் தண்ணி ஒரே மட்டத்துல நிக்குமா? எனக்கே உறுத்திச்சு. கேக்காம விட்டேன், அது என் தப்பு. ஆனா சொல்லாம விட்டது நீ. முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஒழுங்காக் குடிச்சிருப்பேன்.”

துணி வாங்க வந்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

“நாளைக்கு அவ வாயால நானே சொல்றேன். நீ எழுதிக் குடுக்காத. அந்த லிஃப்டுப் பொட்டிக்குள்ளயும் வரமாட்டேன், இங்கதான் பேசுவேன்.”

“இங்க மிஷின் ஓடுமே அண்ணி.”

“ஓடும். ஆஸ்பத்திரித் துணி, நிறுத்த முடியாது.”

“ஒரு நிமிஷத்துக்கு மேல போனா ஆளுங்க கேக்க மாட்டாங்க.”

“கேக்காதவங்க போகட்டும்.”

ஞாயிறு ஐந்தரைக்கு அவர் போனபோது அண்ணி முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தாளையும் கப்பல்காரர் கையில் வைத்திருந்தார். குடி முழுகப் போகிற வேளையில் ஒரு கயிறாவது வேண்டாமா? போனில் பதிவுப் பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்தார். அண்ணி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு.

“தண்ணிக்காரி பேசுறேன்” என்று ஆரம்பித்தார். “இன்னைக்கு மட்டம் முப்பத்திரண்டு. இது வரைக்கும் நான் சொன்னது பொய். மீதிய நான் குடிச்சேன். கொழந்தைக்குக் குடுத்தேன், செடிக்கு ஊத்துனேன்னு சொல்லலாம். அப்படி ஒண்ணும் இல்ல. எனக்குத் தாகமா இருந்துச்சு.”

நிறுத்தினார். கப்பல்காரர் முடிந்தது என்று நினைத்து ஓர் அடி வைத்தார். அண்ணி அவரைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டினார்.

“நீங்கல்லாம் என் நம்பர நம்பித் தூங்குனீங்க. தூங்குறவங்கள ஏமாத்துறது ரொம்ப லேசு. அந்த லேசுதான் எனக்கு...”

அந்த நேரம் பார்த்து மூலையில் உலர்த்தும் மிஷின் ஆடத் தொடங்கியது. ஈரத்துணி ஒரு பக்கமாகச் சுருண்டு, ஒரு கால் தரையிலிருந்து எழும்பி எழும்பி இறங்கியது. கடகடவென்ற சத்தம் மேசை வரைக்கும் வந்தது. அண்ணியின் குரல் அதற்கு மேலே ஏறவில்லை, தாழ்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சொல்ல இருந்தது அவருக்கு. போனில் ஒரு நிமிடம் தாண்டி இரண்டாவது நிமிடமும் பாதி ஓடியிருந்தது.

கப்பல்காரர் சத்தம் போடாமல் மூலைக்குப் போய் முட்டி போட்டார். தோளைக் கொடுத்து மிஷினை ஒரு விரற்கடை தூக்கி, கையிலிருந்த இரண்டு தாளையும் நாலாக மடித்து, எட்டாக மடித்து, அந்தக் காலுக்கு அடியில் செருகினார்.