தியோமினார் உயர்த்திய கை

தியோமினார் எங்கள் மலைச் சபைக்கு வேத ஸ்திரீயாக வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. தோபா ஏரியில் படகைவிட்டு இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு மழையில் நனைந்தபடி மேலே ஏறி வந்தார். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் தலைமைச் சபை அனுப்பியிருந்தது. முப்பத்தோரு வருஷம் இருந்தார். அனுப்பியதையே அவர்கள் மறந்துவிட்டார்கள் என்பாள் என் மனைவி.

எங்கள் போதகருக்குப் பதினான்கு ஊர்கள். எங்கள் முறை வர இரண்டு மாதம் ஆகிவிடும். நடுவில் நோயாளிகளைப் பார்ப்பது, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஜெபக்கூட்டம், பிள்ளை பெறும் வீட்டில் கூட இருப்பது, குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் போய் நியாயம் கேட்பது எல்லாம் தியோமினார்தான். பிரசங்க மேடையில் ஏறுவதும், திருமுழுக்கு, திருவிருந்து கொடுப்பதும், கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவதும் மட்டும் அவருக்கு இல்லை. போதகர் வராத நாளில் ஆசீர்வாதத்தை மூப்பர் கூறலாம். மூப்பர் என்றால் ஆண். பெண் சபையில் அமைதியாக இருக்கட்டும் என்று பவுல் எழுதிய இடத்தை வைத்து எங்கள் அப்பாக்கள் வகுத்த ஒழுங்கு அது.

மூப்பர்கள் ஏழு பேர். நானும் ஒருவன். மூத்தவர் பர்னிங்கோத்தான், காப்பித் தோட்டக்காரர். மலை அதிரும் குரல். ஆனால் பார்வை மங்கல், கண்ணாடி போடக் கௌரவம் விடாது. அதனால் அடக்க ஆராதனைகளில் தியோமினார் அவருக்குப் பின்னால் நின்று வார்த்தைகளை ஒவ்வொன்றாக முணுமுணுப்பார். அவர் அதை உரக்கச் சொல்வார். ஒருமுறை காற்று பலமாக அடித்ததில் தப்பாகக் கேட்டு, செத்தவர் பெயருக்குப் பதில் அவருடைய தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"அமாங், நான் இன்னும் போகலைங்க!" என்று தம்பி குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். கல்லறைத் தோட்டமே சிரித்தது. தியோமினார் சிரிக்கவில்லை.

மரியாதைக்கு நாங்கள் ஆணை அமாங், பெண்ணை இனாங் என்போம், அப்பா அம்மா மாதிரி. திரும்பி வரும்போது தியோமினாரிடம் கேட்டேன்: "இனாங், உங்களுக்குக் கோவமே வராதா?"

"கோவப்பட்டா நாளைக்குக் காலைல யாரு எந்திரிக்கிறது அமாங்?" என்றார்.

பர்னிங்கோத்தானின் மனைவி நுர்மாலா வயிற்றில் கட்டி வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். தினமும் காலையில் தியோமினார் போய் உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டுவார். அவர் வருவதற்கு முன்பே பர்னிங்கோத்தான் தோட்டத்துக்குப் போய்விடுவார். மனைவியை அந்தக் கோலத்தில் பார்க்க அவரால் முடியவில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பரில் கீழே டவுனில் சபையின் பெரிய கூட்டம் நடந்தது. பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் பண்ணலாமா என்று ஓட்டெடுப்பு. கூடாது என்று ஓட்டுப்போட எங்கள் சார்பில் பர்னிங்கோத்தான் போனார். மூன்றாம் நாள் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. அன்று மத்தியானம் நுர்மாலாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

போதகரும் வரமுடியாது, புருஷனும் வரமுடியாது. ஆசீர்வாதம் கூற என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஜெபப் புத்தகத்தைத் திறந்ததும் நுர்மாலா தலையை அசைத்தார்.

"நீ வேண்டாம், சஹாலா அப்பா. உனக்கும் இவதான் பின்னாடி நின்னு சொல்லித் தரணும். நேரா இவளே சொல்லட்டும்."

தியோமினார் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உயர்த்தினார். உரக்கச் சொல்லிப் பழகாத குரல், முதல் வார்த்தையிலேயே கம்மியது. ஆனாலும் கடைசிவரை சொல்லி முடித்தார். நுர்மாலா "ஆமென்" என்றார். ஒரு மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

அடக்கம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மூப்பர் சவுத் அதை ஆலோசனைக் கூட்டத்தில் எடுத்தார். ஒழுங்கு மீறப்பட்டிருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார். தியோமினாரைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"கைய உயர்த்துனீங்களா இனாங்?" என்று சவுத் கேட்டார்.

"உயர்த்தினேன்."

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"ஒரு கைதான். இன்னொரு கையில அவங்க தலையைத் தாங்கிட்டிருந்தேன்."

போதகர் சின்ன வயசுக்காரர். பெரிய கூட்டத்தில் பெண்களுக்கு வழி திறந்தாகிவிட்டதே, இதை ஏன் கிளற வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். சவுத் விடவில்லை.

"வழி தொறந்தது போதகர் படிப்புப் படிச்ச பொண்ணுங்களுக்கு. அதுவும் முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. வேத ஸ்திரீக்குப் பழைய ஒழுங்குதான். புத்தகத்தைப் பாருங்க."

போதகர் புத்தகத்தைப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று தியோமினாரிடம் கேட்டார்.

"முப்பது வருஷமா பவுலோட அந்த வசனத்தை இந்த ஊர்ப் பொம்பளப் புள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். சரின்னு சொல்லவும் வாய் வரமாட்டேங்குது. அவங்க கேட்டாங்க, கொடுத்தேன். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு அமாங். என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

எல்லோரும் பர்னிங்கோத்தானைப் பார்த்தோம். "என் வீட்டுக்காரி ஆமென் சொன்னாளா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மிச்சம் ஆறு பேர். மூன்று மாதம் ஊழியத்திலிருந்து நிறுத்திவைக்க வேண்டும் என்று மூன்று பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று இரண்டு பேர். நான் எதற்கும் தூக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள்: "அவங்க உயிர் போறப்ப அந்த ரூம்ல நின்னது நீங்கதானே? ஏழு ஆம்பளைங்க உக்காந்து ஒரு பொம்பளை கைய அளந்துட்டு வந்திருக்கீங்க. மீன் சட்டியில இருக்கு, நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."

அந்த மூன்று மாதமும் வேலையை மூப்பர்கள் பங்குபோட்டுக்கொண்டோம். ஞாயிறு பள்ளியை ஏற்ற சவுத்துக்கு இரண்டாம் வாரமே தொண்டைக்கட்டு வந்துவிட்டது. நோயாளிகளைப் பார்க்கும் வேலை எனக்கு. முதல் வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் வீட்டிலும் மழைதான். தியோமினார் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. என் மனைவி சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொல்வாள்: "தூங்குறாங்க. எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மறுபடியும் தூங்குறாங்க. இத்தனை வருஷத் தூக்கம்."

தண்டனை முடிந்த அன்று பர்னிங்கோத்தான் தியோமினார் வீட்டு வாசலில் போய் நின்று, "வாங்க இனாங்" என்றார். தியோமினார் வந்தார். ஆனால் அதற்குள் ஓய்வு கேட்டுத் தலைமைச் சபைக்கு எழுதிப்போட்டிருந்தார். உத்தரவு வரும்வரை எல்லா வேலையும் செய்தார். அடக்க ஆராதனைகளில் மட்டும் யாருக்குப் பின்னாலும் போய் நிற்கவில்லை, பெண்களோடு நின்றார். பர்னிங்கோத்தான் கண்ணாடி வாங்கினார்.

வழியனுப்பு விழாவில் பன்றி அடித்து, அவர் தோளில் மரியாதைக்கு உலோஸ் துணி போர்த்தினோம். சவுத்துதான் அதிகநேரம் புகழ்ந்து பேசினார். தியோமினார் தட்டில் இருந்ததை அளைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் எங்களுக்குப் புதிய போதகர் வந்தார். மரிந்தான் என்ற இருபத்தெட்டு வயதுப் பெண். முதல் ஞாயிறன்று அவள் மேடையேறி இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறினாள். சவுத் மற்றவர்களைப்போலத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

இதைச் சொல்லலாம் என்று நானும் மனைவியும் பஸ் ஏறி, தியோமினார் தங்கியிருந்த அவருடைய தம்பி வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அப்படியா? அந்தப் பொண்ணுக்குக் குரல் நல்லாயிருக்கா?"

"நல்லா கணீர்னு இருக்கு இனாங்."

"சந்தோஷம்" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"உங்களுக்கு மனசு வலிக்கலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"முட்டிதான் வலிக்குது. அவங்க கதவைத் தொறந்தப்ப எனக்குப் படியேற முடியல. அவ்வளவுதான்மா."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "இனாங், அன்னிக்குக் கூட்டத்துல நான் உங்களுக்காகக் கை தூக்கியிருக்கணும்."

"ஆமா, தூக்கியிருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் ஊர் லாம்ரியாவின் கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டார். மேலத்தெரு ஊமைப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்றா, யார் கூட இருந்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவிதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. பேச்சு நடுவிலேயே அவருக்குக் கண் சொருகியது. "நீங்க இருங்க, நான் கொஞ்சம் சாயறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். மிச்ச வெங்காயத்தை நாங்கள் இரண்டு பேரும் உரித்துவைத்துவிட்டுக் கிளம்பினோம்.