சவரிநாதன் சாரின் கோபம்

ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது என் கை முழுக்க இட்லி மாவு. என் கணவர்தான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரிசீவரை வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"சவரி... போயிட்டான்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து சவரிநாதன் சாரின் மகள் பேசியிருக்கிறாள்.

உங்களில் பலருக்கு அவர் அடையாறு முகத்துவாரத்தை வரைந்த பெரிய ஓவியர். ஓட்டல் வரவேற்பறைகளிலும் காலண்டர்களிலும் அவருடைய நீர்வண்ண வானங்களைப் பார்த்திருப்பீர்கள். அடையாறில் எங்களுக்கு அவர் மாடிவீட்டுக்காரர். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், சரியான முன்கோபி. தண்ணீர் லாரி வராவிட்டால் தெருவுக்கே கேட்கக் கத்துவார். காய்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் அவரைக் காணோமே என்று தெருமுனை வரை தேடிக்கொண்டும் போவார்.

தொழிலில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தாளில் வானத்துக்கு முதல் பூச்சு பூசியதும் அது காயும் வரை பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் நடுவில் ஏதோ கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். "வானத்தை அவசரப்படுத்தக் கூடாது டீச்சர். அது காயறப்ப காயும்" என்று என்னிடம் சொல்வார்.

சில வருஷங்களுக்கு முன் என் கணவர் துரைசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. உடம்பு கொஞ்சம் தேறிய பிறகும் பேச்சு மட்டும் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசினார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். இனி இப்படியேதானோ என்று பயந்தேன்.

சவரிநாதன் சார் ஒருநாள் இறங்கி வந்தார். "இன்னா தொரை, சும்மாத்தானே படுத்துக்கினு கீறே? இடது கை நல்லாத்தானே கீது? வந்து குடை புடி."

அன்றிலிருந்து இருவரும் ஆட்டோவில் முகத்துவாரத்துக்குப் போவார்கள். தாளில் வெயில் படாமல் குடை பிடிப்பது இவர் வேலை. பேசக் கூடாத இடம் அது. அங்கே இவருடைய மௌனம் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

ஒரு காலை நான் பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். காற்று வேகமாக வீசியது. குடை விலகி, ஈரத்தாளில் வெயில் விழுந்து, வானம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிட்டது. சவரிநாதன் சார் தூரிகையை விட்டெறிந்தார்.

"யோவ், எங்கய்யா பாத்துக்கினு இருந்தே? ஒரு குடை புடிக்கத் துப்பில்ல?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முடியாத மனுஷரிடம் இப்படியா? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் என் கணவரின் முகம் சிவந்தது. உதடு கோணியது. தொண்டை ஏறி இறங்கியது.

"காத்து" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "காத்துய்யா."

"காத்தடிச்சா சாய்ச்சுப் புடிக்கணும்" என்று சவரிநாதன் சார் திருப்பிக் கத்தினார். என்ன நடந்தது என்பதே அவருக்கு உறைக்கவில்லை. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு நன்றி சொல்லப் போனேன். "அவன் பேசினானா? எனக்கு வானம் போச்சேன்னுதான் இருந்துச்சு" என்றார். அது அடக்கமில்லை, உண்மை. எல்லோரும் என் கணவரை நோயாளியாகப் பார்த்தபோது, அவர் மட்டும் குடை சரியாகப் பிடிக்காத ஆளாகப் பார்த்தார்.

அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய ஒருவர், அவர் அதிர்ந்து பேசாதவர் என்றார். "பொய்" என்றார் என் கணவர், எல்லோருக்கும் கேட்கும்படி. நான் அவர் கையை அழுத்தி அடக்கவில்லை.

உங்களிடம் அவருடைய வானங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. இன்று காலை காபியில் சர்க்கரை போதவில்லை என்று என் கணவர் என்னோடு சண்டை பிடித்தார், திக்கித் திக்கி, ஒரு முழு வாக்கியமாக. சவரிநாதன் சார் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.