அசைந்தால்தான் எரியும் விளக்கு

சின்னமனூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் உண்டு. விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைவதைப் பார்த்து சென்சாரே எரியவைக்கும்.

இன்று கணக்குப் பரீட்சை. வெளியே மழை மூட்டம். பிள்ளைகள் அசையாமல் எழுத, விளக்குகள் பொட்டென்று அணைந்தன.

எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"சென்சார் செட்டிங்கை மாத்த பாஸ்வேர்டு வேணும் டீச்சர். கட்டுனவுக குடுக்காமப் போயிட்டாக."

மூன்றாம் முறை அணைந்தபோது முன்பெஞ்சு மாணவி அழுதேவிட்டாள். "கணக்கு பாதியில நிக்குது டீச்சர்."

அதன்பின் நான் உட்காரவே இல்லை. கையை வீசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். விளக்கு அணையவில்லை. அவளும் எழுதி முடித்துவிட்டாள்.

எட்டிப் பார்த்த தலைமையாசிரியை கேட்டார்: "பிள்ளைகளே அமைதியா இருக்குக, நீங்க ஏன் இப்படி அலையுறீக?"

நாளை அறிவியல் பரீட்சை. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் யாராவது வருகிறீர்களா?